பச்சை மூடிக் குழாய்

தலையணை கூடாதென்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதுகுத்தண்டில் மருந்து செலுத்திய பிறகு பிள்ளை தலையைத் தூக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும், நர்ஸ் வந்து போதும் என்று சொல்கிற வரை. அதற்குள் எழுந்தால் தலைவலி வருமாம். அதனால் என் உள்ளங்கை என் மகள் பெர்லினின் நெற்றியில் கிடக்கிறது, அழுத்தாமல், ஆனால் எழும்பினால் தடுக்கிற மாதிரி. முடி போன பிறகு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை, என் கை இரண்டிலும் இருக்கிறது. சூடா? இல்லை, என் கைதான் சூடு. இந்த ஏசி அறையில் என் கை எப்படிச் சூடாக இருக்கும், அப்படியென்றால் நெற்றிதான் சூடு. கன்னத்தைத் தொட்டால் குளிர்ந்திருக்கிறது. சரி, காய்ச்சல் இல்லை. மறுபடி நெற்றி. மயக்கம் இன்னும் தெளியவில்லை அவளுக்கு, இமைக்குள்ளே கண்மணி உருண்டு போவது தெரிகிறது, என்ன கனவோ. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்துக்குள்ளே கனவு வருமா, யாரைக் கேட்பது. வாசல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். தமயந்தி அங்கேதான் இருக்கிறாள், இரும்பு நாற்காலியில், என் வயதுதான் இருக்கும், டாக்டர் இல்லை, ஆராய்ச்சிக்காரி. வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு கை. அந்தக் கைக்குள் பச்சை மூடி போட்ட ஒரு குழாய், என் சுண்டுவிரல் அளவு. குழாய்க்குள் சற்றுமுன் பெர்லினின் இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சியெடுத்த மஜ்ஜை. அதைக் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லியாகிவிட்டது. சரிம்மா, உங்க விருப்பந்தான், பிள்ளை எழுந்து உட்கார்ற வரைக்கும் இங்கயே இருக்கேன், அதுக்கு மேல வெச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மஜ்ஜையில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று நேற்றே டாக்டர் வைதேகி கேட்டார், நானும் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமல் தலையாட்டுவது இந்த ஒரு மாதத்தில் பழகிப்போயிருக்கிறது. முதல் மாத வைத்தியம் முடிந்து மஜ்ஜையைப் பார்த்தபோது போயிருக்க வேண்டிய ரத்தப் புற்றுச் செல்கள் முழுக்கப் போகவில்லை, ரொம்ப இல்லம்மா, ஆனா இருக்கு, என்றார். ஆனா இருக்கு. வீட்டில் பூனை நுழைந்துவிட்டதா என்று கேட்டால் சொல்கிற மாதிரி. பிறகு, பெர்லினுடைய அந்தச் செல்களின் மேல் ஒரு வகைக் காது வழக்கத்தைவிட நிறைய முளைத்திருக்கிறது என்றார். ரிசெப்டர் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, காது மாதிரின்னு வெச்சுக்கோங்களேன் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தனக்குள் பேசிக்கொள்கிற சேதிகள் உண்டாம், சைட்டோகைன் என்று பெயராம், அதில் ஒரு சேதி அந்தக் காதில் விழுந்தால் சில பிள்ளைகளுக்கு இந்தச் செல் பெருகுகிறதாம். காது வழியா உள்ள போற சேதிய நடுவுல அடைக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கும்மா, எல்லாருக்கும் வேலை செய்யாது. இவளோட செல்லு அதுக்கு அடங்குதான்னு வெளிய வெச்சு வளர்த்துப் பார்த்தா, அடுத்து எந்தப் பக்கம் போறதுன்னு எங்களுக்கு ஒரு திசை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இவ்வளவும் நேற்று என் காதில் விழுந்தது. விழுந்தது என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இன்றைக்குத் தமயந்தி கையெழுத்துக்கு வந்து, வளர்த்துப் பார்ப்போம்மா, என்று அதே வார்த்தையைச் சொன்னபோதுதான் அது காதைத் தாண்டி உள்ளே போயிற்று. வளர்ப்பதா. இங்கே அதைக் கொல்வதற்காக என் பிள்ளை வாயெல்லாம் புண்ணாகி, கால் சூம்பி, படியேற முடியாமல் கிடக்கிறாள், அங்கே ஒரு அறையில் அதற்குச் சோறு போட்டு வளர்ப்பீர்களா.

மைனி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மைனி என்றால் என் கணவருடைய அக்கா, செசிலி மைனி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தம்பிக்கு நினைத்தபோதெல்லாம் லீவு கிடைக்காது என்று எனக்குத் துணையாகத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி இந்தச் சென்னைக்கு வந்து, இந்த ஊர்த் தண்ணீரைத் திட்டிக்கொண்டே கூட இருக்கிறார்கள். பெர்லினுக்கு முடி கொட்டத் தொடங்கிய காலையில் மைனி அழவில்லை. தலையணையிலிருந்தும் தரையிலிருந்தும் ஒவ்வொரு இழையாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டார்கள், ஊருக்குப் போனதும் கடலில் விட வேண்டும் என்று. எங்கள் வீட்டில் பிள்ளையின் உடம்பிலிருந்து விழுகிற எதையும் பிறத்தியார் கையில் விடமாட்டார்கள், தொப்புள்கொடி, நகம், பல், எதையும். தினம் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம்தான், சாமியார் கேட்டால் சிரிப்பார், ஆனாலும் விடமாட்டார்கள். ஏளா டெல்பின், என்றார்கள் மைனி, தமயந்தி வந்து பேசிவிட்டு நகர்ந்ததும், முடியையே நான் விடல, எலும்புக்குள்ள இருந்து எடுத்ததப் போய் எவ கையிலயோ குடுக்கதா? என்று. துறைமுகத்திலிருந்து அவர் நேற்று ஃபோனில், நீ படிச்சவ, நீ பாத்துச் சொல்லு, என்று சொல்லிவிட்டார். நான் படித்தவள். கான்வென்டில் படித்தவள். எழுந்து நின்று, தாவணி நுனியைச் சரிசெய்து, குட்மார்னிங் சிஸ்டர் என்று ஒரே குரலில் சொல்லப் படித்தவள். அதனால் எழுந்து நின்று மரியாதையாக, வேண்டாம் மேடம், கொட்டிருங்க, என்றேன். கொட்டுவது என்றால் எங்கே? கழுவுதொட்டியிலா? குப்பைக்கு மஞ்சள் பை, சிவப்புப் பை என்று வைத்திருக்கிறார்களே, அதில் எதில்? இதைக் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

அம்மா, என்றாள் பெர்லின். கண் திறக்காமலே. என்னடா செல்லம், எழும்பாத, அப்படியே இரு. நான் எழும்பல, நான் கருவாடு. என்னது? கருவாடு, அப்பிடியே மணல்ல கெடக்கும்லா, ஆச்சி பொரட்டிப் போடும்லா. மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருவாடு பேசாதுட்டி, வாய மூடிக் கெட, என்றார்கள். கருவாடு வாயத் தெறந்துதான் அத்த கெடக்கும். சிரிக்கக் கூடாது, சிரித்தால் இவளும் குலுங்குவாள், தலை எழும்பும், என் கை நெற்றியில் கொஞ்சம் அழுத்துகிறது. அம்மா பசிக்கி. இப்போது கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையால் எந்நேரமும் பசி, ராத்திரி எழுந்து சோறு கேட்கிறாள், கன்னம் இரண்டும் உப்பி வேறு யாரோ ஒரு பிள்ளை மாதிரி. மக்ரூன் வேணும். இங்க எங்கடா மக்ரூன், ஊர்லதான். அப்பா கப்பல்ல அனுப்பட்டும். சரி, சொல்லுதேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும், வாயில் போட்டதும் காணாமல் போகிற ஒன்று. எனக்கும் நாக்கில் அது வந்துவிட்டுப் போகிறது. அவள் மறுபடி தூங்கிவிட்டாள். தூங்கினாளா? மூச்சு இருக்கிறது, மார்பு ஏறுகிறது, இறங்குகிறது. இந்த மார்புக்குள், இடுப்புக்குள், தொடைக்குள், எலும்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் உள்ளே இப்போது யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சத்தமும் வெளியே வருவதில்லை. காதை வைத்துக் கேட்டால் வயிறு இரைவதுதான் கேட்கிறது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. மேடம், என்றேன், மெதுவாக, பிள்ளை எழாமல். தமயந்தி எழுந்து பக்கத்தில் வந்தாள். கொட்டாம அப்படியே வெச்சிருந்தா அது என்னாகும்? நான் நினைத்திருந்தது வேறு. குழாய்க்குள் கொதித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் என்று, பழைய மாவு மாதிரி. அவள் பையிலிருந்து குழாயை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டே சொன்னாள், செத்துரும் பெர்லின் அம்மா. இந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பேர் இல்லை, பிள்ளை பேரோடு ஒரு அம்மா, எல்லாத் தாய்மாருக்கும் அப்படித்தான். செத்துருமா? ஆமா, இப்ப இருந்தே ஒவ்வொண்ணாச் சாக ஆரம்பிச்சிருக்கும், நாளைக்குப் பார்த்தா நிறைய போயிருக்கும். சும்மா வெச்சிருந்தாலேவா? சும்மா வெச்சிருந்தாலே. சாப்பாடு, சர்க்கரை எல்லாம் குடுத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான், வெளிய தனியா இருக்க அதுக்குத் தெரியாது. நான் அந்தக் குழாயைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு, கொஞ்சம் தடிப்பு, சாய்த்தால் கண்ணாடியில் மெல்லிய திரை மாதிரி ஒட்டி இறங்குகிறது. இதுவா. என் பிள்ளையின் நரம்பில் இறங்குகிற சிவப்பு மருந்து கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்று கையுறை போட்டுக்கொண்டு நர்ஸ் ஏற்றுவார்கள். அதைக் குடித்தும் சாகாமல் ஒளிந்திருந்தது, ஒரு மாதம் ஒளிந்திருந்தது, வெளியே எடுத்துச் சும்மா வைத்தால் செத்துவிடுமாம். அப்படியானால் உள்ளே இதை யார் சாகாமல் வைத்திருக்கிறது? இந்தக் கேள்வி வந்ததும் என் முதுகில் ஏதோ ஊர்ந்தது, பயம் என்றுதான் முதலில் நினைத்தேன், பயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலை முதல்முறை பார்த்தபோது வந்த அதே ஊர்தல், கட்டம் கட்டமாக, அவ்வளவு ஒழுங்காக, நாம் உரித்துத் தூக்கிப்போட்டதற்குள்.

உள்ளே யாரோ அதனிடம் இரு, இரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். யார்? பெர்லினின் உடம்புதான். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே. அவள் எலும்புக்குள் இருக்கிற நல்ல செல்களே, எப்போதும் சொல்கிற மாதிரி, குட்டி ரத்தச் செல்களைப் பார்த்து வளருங்கள் பிள்ளைகளே என்று சொல்கின்றன, எல்லாப் பிள்ளைகள் உடம்பிலும் சொல்வதுதான் என்றாள் தமயந்தி. நல்ல செல் அதைக் கேட்டு வளரும், வளர்ந்து முதிர்ந்து வேலைக்குப் போய்விடும், பிறகு கேட்காது. இது கேட்கும், பெருகும், ஆனால் முதிராது, குட்டியாகவே நின்றுகொண்டு மறுபடி கேட்கும். அந்தச் சேதி பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டேன். கம்பி மாதிரியா, மின்சாரம் மாதிரியா? இல்ல, ஒரு புரதத் துணுக்கு, மிதந்து வரும், போற வழியில அந்தக் காதுல தட்டும், உள்ள நுழையாது, தொடும், அவ்வளவுதான், தொட்டதும் உள்ள ஒண்ணு திரும்பும். தொட்டதும் உள்ளே ஒன்று திரும்பும். எங்கள் கான்வென்ட் சிற்றாலயத்தில் சிஸ்டர் கிளாரன்ஸ் கையில் ஒரு மரத்தட்டு இருக்கும், கீல் போட்ட இரண்டு பலகை, புத்தகம் மாதிரித் திறந்து டக்கென்று மூடுவார்கள். ஒரு டக் என்றால் முழங்காலில், இரண்டு டக் என்றால் எழும்பி நிற்க. பேச்சே கிடையாது. ஒருநாள் பக்கத்து அறையில் ஜன்னலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார் ஆசாரி. டக். நூறு பெண்களும் முழங்காலில். டக் டக். எழும்பி நின்றோம். டக். முழங்காலில். சிஸ்டர் கையைத் தூக்கி நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்கிறார்கள், யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை, முழங்கால் எங்களைக் கேட்காமலே மடங்கியது, பக்கத்தில் இருந்த ஃப்ளோரா அழுகிற மாதிரிச் சிரித்தாள், ஆசாரிக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்கு ஜன்னலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். நமக்கென்று அனுப்பாத சேதிக்கு உடம்பு மடங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்தச் செல்லும் அப்படித்தானா, கெட்டது என்று ஒன்றும் இல்லையா, தட்டினால் மடங்குகிற ஒரு முழங்கால் மட்டும்தானா.

ஆனால் ஆசாரி யார்? எங்கே ஆணி அடிக்கிறார்? இங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். பெர்லினின் முழங்காலுக்குப் பின்புறம் கரப்பான், இரண்டு காலிலும், குழந்தையிலிருந்தே. வேர்த்தால் சொறிவாள், உப்புக் காற்றில் சொறிவாள், இறால் சாப்பிட்டால் சொறிவாள் என்று இறாலை நிறுத்தினோம், நிறுத்தியும் சொறிந்தாள். தோல் சிவந்து தடித்து ரத்தம் கசியும். பெர்லினின் செல்லில் இருக்கிற காதுக்குப் பொருத்தமான சேதி எங்கே உண்டாகிறது என்று நேற்று டாக்டர் சொன்னபோது, தோலும் அதைப் பண்ணும், என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். தோல் புண்பட்டால் காவல்காரர்களைக் கூப்பிடுவதற்குத் தோல் அனுப்புகிற சேதியாம். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என்னிடம் இல்லை. நான் முழங்காலுக்குப் பின்னே போய்விட்டேன். தூங்கும்போது சர்க் சர்க்கென்று நகத்தின் சத்தம், எத்தனை ராத்திரி, நான் திரும்பிப் படுத்து சொறியாதட்டி என்று சொன்னது, ஒவ்வொரு சொறிதலிலும் தோல் கூப்பிட்டது, கூப்பிட்டது எலும்புக்குள் கேட்டது, கேட்டது பெருகியது. அப்படியா? அப்படியென்றால் ஊரில் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் வந்திருக்க வேண்டுமே. எங்கள் தெருவிலேயே எத்தனை பிள்ளைகள். வரவில்லையே. ஆனால் பெர்லினுக்கு வந்ததே. வந்ததே என்பதிலிருந்து திரும்ப முழங்காலுக்கே. மேடம், இந்தக் கரப்பான்னாலயா, என்று கேட்டுவிட்டேன், குரல் எனக்கே கேட்காத மாதிரி. தமயந்தி குனிந்து பெர்லினின் முழங்காலைப் பார்த்தாள். அது எனக்குப் பிடித்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்துச் சொன்னாள், இல்ல. கரப்பானாலதான் வந்துச்சுன்னு யாரும் காட்டல. காது நிறைய முளைச்சது அந்தச் செல்லுக்குள்ள நடந்த ஒரு கோளாறு, அது நீங்க சாப்பாடு குடுத்ததாலயும் இல்ல, குடுக்காததாலயும் இல்ல. தோல்ல உண்டாகுறது எலும்புக்குள்ள எவ்வளவு போய்ச் சேருதுன்னுகூட எங்களுக்குச் சரியாத் தெரியாது. தெரியாது என்று அவள் சொல்லும்போது அவள் முகம் வெட்கப்படவில்லை. கொஞ்சம் வெளிச்சமாகக்கூட இருந்தது. தெரியாததை இப்படி வைத்திருக்க முடியுமா, கையில் ஒரு பொருளைப் போல.

சரி, அந்தச் சேதி நிறையப் போனா இன்னும் வேகமா வளருமா? இதைக் கேட்டது நான்தானா என்று மைனி நிமிர்ந்து பார்த்தார்கள். தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள். அங்கதான் பெர்லின் அம்மா விசித்திரம், என்றாள். எலிகள்ல பார்த்தவங்க இருக்காங்க, கொஞ்சமாப் போனா செல்லு வளருது, ரொம்ப அதிகமாப் போனா தன்னோட காதைத் தானே அடைச்சுக்குது, அப்புறம் செத்தும்போகுது. மனுஷ உடம்புல இது நடக்குமான்னு தெரியாது, வைத்தியமா ஆக்க முடியுமான்னும் தெரியாது. ஏன் அப்படி? முழுசாத் தெரியல. எனக்கு ஏனோ தெரிந்த மாதிரி இருந்தது. நான் கத்தினால் பெர்லின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு உள்ளே. மெதுவாகக் கூப்பிட்டால்தான் வருவாள். அவளுடைய செல்தானே, அவளைப் போலத்தானே இருக்கும். இப்படி நினைத்ததும் கை நெற்றியிலிருந்து நழுவிவிட்டது, திரும்ப வைத்தேன். அவளுடைய செல். குழாய்க்குள் இருப்பதும் அவள்தான். அதற்குள்ளும் பாதி நான், பாதி அவர், என் அம்மாவின் சப்பை மூக்குக்கான எழுத்து அதற்குள்ளும் எங்கேயோ மடித்து வைத்திருக்கும், பயன்படாமல். இங்கே என் கைக்குக் கீழே ஒரு பெர்லின், பள்ளிக்கூடம் போய், பல் விழுந்து, பெரியவளாகி, என்னை எதிர்த்துப் பேசப்போகிறவள், பேச வேண்டும், மாதாவே, பேச வேண்டும். அங்கே கோட்டுப் பையில் ஒரு பெர்லின், வளரமாட்டேன் என்று நின்றுவிட்டவள். அந்தப் பெர்லினைச் சாகச் சொல்லித்தான் ஒரு மாதமாக ஜெபமாலை சொல்கிறேன். என்ன ஒரு ஜெபம்.

எங்க வெச்சு வளர்ப்பீங்க? ஒரு பிளாஸ்டிக் தட்டு, என்று அவள் இரண்டு கையாலும் அளவு காட்டினாள், வரிசையாச் சின்னச் சின்னக் குழி இருக்கும், பணியாரச் சட்டி மாதிரி. பணியாரமா சுடப் போறியோ? என்றார்கள் மைனி. தமயந்தி சிரித்தாள், கிட்டத்தட்ட அப்படித்தான் அம்மா, எல்லாக் குழியிலயும் செல்லு, சிலதுல மட்டும் அந்தச் சேதி ஒரு சொட்டு, சிலதுல சேதியும் போட்டு மாத்திரையோட மருந்தும் போட்டு, சிலதுல ஒண்ணுமே போடாம. ஒண்ணுமே போடாததுல? என்று நான் கேட்டேன். சாகும். அதையும் பார்க்கணும், அது சாகலன்னா மத்தது சேதியாலதான் வாழ்ந்துச்சுன்னு சொல்ல முடியாதில்ல. மைனி ஜெபமாலையை மடியில் வைத்தார்கள். பிறத்தியார் கையில் பிள்ளையோட ரத்தம், அத வெச்சு அவுங்க வெளயாடுதாவ, இதுல பிள்ளைக்கு என்ன வந்துச்சு ஏளா? வெளயாட்டு இல்ல மைனி. பின்ன என்ன? அடுத்து எந்த மருந்துன்னு தெரியாம நிக்காவ மைனி, அது எதுக்கு அடங்கும்னு அதுகிட்டயே கேக்கப் போறாவ. அது சொல்லுமா? சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். சொல்லாமலும் போகலாம்னா எதுக்குக் குடுக்க? என்றார்கள். மைனி கேட்டது சரிதான். என்னைப் போலப் பயந்து நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு, எனக்குத் தெரிஞ்சுக்கணும் மைனி என்று சொல்வது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது. பிள்ளை கிடக்கிற கிடப்பில் தெரிந்துகொள்ள ஆசையா என்று கேட்டால்? கேட்கட்டும். ஒரு மாதமாக எல்லோரும் என்னிடம் தைரியமாக இருங்கள் என்றார்கள், ஜெபியுங்கள் என்றார்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார்கள். அவள் கோட்டுப் பையில் இருப்பது ஒன்றுதான் பெர்லினுக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்தது. அது உள்ளே இருந்தது. பேச்சு முழுவதையும் கேட்டது. அதைக் கொட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.

பெர்லின் அசைந்தாள். காலை மடக்கி, கை தானாக முழங்காலுக்குப் பின்னே போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், சொறியாத என்று சொல்லவில்லை, என் விரல் நுனியால் அந்தத் தடித்த தோலை மெதுவாகத் தடவினேன், இந்த மாத்திரைகளால் அதுகூட அடங்கித்தான் இருக்கிறது, பழைய தழும்பின் சொரசொரப்பு மட்டும். நர்ஸ் அடுத்த கட்டிலில் ஊசிக் குழாயைப் பொருத்திக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்தாள், அந்தப் பிள்ளைய முடிச்சிட்டு வரேன், அப்புறம் எழுப்பலாம், என்றாள். அடுத்த கட்டிலில் வேறொரு அம்மா தன் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்காது வலிக்காது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், வலிக்கும் என்று பையனுக்குத் தெரியும். தமயந்தி எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அவள் இனிக் கேட்கமாட்டாள் என்று தெரிந்தது, கேட்கக் கூடாது என்று அவர்களுக்குச் சட்டம் இருக்கும் போல. பையிலிருந்து குழாயை எடுத்து வெளிச்சத்தில் ஒருதரம் சாய்த்துப் பார்த்தாள். ஏசிக் காற்று படாமல் மறுபடி விரல்களை மூடிக்கொண்டாள். அந்த மூடுதல். பறவைக்குஞ்சை வைத்திருக்கிறவர்கள் அப்படி மூடுவார்கள். கொட்டப்போகிற ஒன்றை ஏன் இவ்வளவு நேரமும் கைச்சூட்டில் வைத்திருந்தாள்? நான் மாறுவேன் என்றா? இல்லை, அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த அறையில் எனக்கு அவள் மட்டும்தான் புரிகிறாள்.

மேடம், குடுங்க, கையெழுத்துப் போடுதேன். மைனியைப் பார்க்காமல்தான் சொன்னேன். தமயந்தி திரும்பி வந்தாள். அவசரப்படாதீங்க பெர்லின் அம்மா, முழுசா வாசிச்சுக் காட்டணும், அதுதான் முறை, என்று தாளை விரித்தாள். வாசித்தாள். பெயர் வெளியே தெரியாது. எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். இதனால் பிள்ளைக்கு நேரடியாகப் பலன் கிடைக்கும் என்று உறுதி இல்லை. எனக்கு எல்லாம் புரிந்தது, ஒவ்வொரு வரியும், ஆனால் என் கண் அவள் இடது கைமீதே இருந்தது, தாளைப் பிடிக்க வசதி இல்லாமல் குழாயைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள், பாதிக் குழாய் வெளியே குளிரில். ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்திருக்கும் என்று அவள்தானே சொன்னாள். எத்தனை போயிருக்கும். கேட்கக்கூடிய காதோடு எத்தனை மிச்சம். ஒரு கை பெர்லின் நெற்றியில் இருக்க, மறு கையால் பேனாவை வாங்கிக் கட்டில் கம்பியில் தாளை வைத்து எழுதினேன், எழுத்து கோணலாகப் போயிற்று, டெல்பின் கென்னடி, சிஸ்டர் பார்த்தால் மறுபடி எழுதச் சொல்வார்கள். மைனி எழுந்து வந்து பெர்லினின் தலைமாட்டில் நின்று, என் கையை விலக்கித் தன் கையை அந்த நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். தமயந்தி தாளை நிதானமாக மடித்து உறையில் போட்டாள், பேனாவைத் தேடி மூடினாள், ரொம்ப நன்றி பெர்லின் அம்மா, எங்க டீம்ல எல்லாரும் உங்களுக்கு, என்று ஆரம்பித்தாள், இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நன்றியெல்லாம் அப்புறம் மேடம், என்றேன், என் குரல் அறை முழுக்கக் கேட்டது, அடுத்த கட்டில் அம்மாவும் திரும்பினாள், போங்க, ஓடுங்க, செத்துரப் போகுது.